சபையாகப் பூரீம் கொண்டாடுவது: ஏற்பாட்டாளர்களுக்கு

பாரசீகத்தில் யூதர்களை அழிக்க ஆமான் என்ற அமைச்சன் போட்ட திட்டம் முறிந்ததைக் கொண்டாடும் யூதத் திருநாள் பூரீம். அந்தக் கதையைச் சொல்லும் எஸ்தர் சுருளை இரவில் ஒரு முறையும் பகலில் ஒரு முறையும் வாசிப்பது, ஏழைகளுக்குக் கொடுப்பது, தெரிந்தவர் வீட்டுக்கு உணவு அனுப்புவது, விருந்துண்பது. பூரீமின் கடமைகள் இவ்வளவுதான். இரவு வாசிப்பைத் தவிர மற்ற எல்லாம் பகலுக்கு உரியவை. இதை மறந்து இரவிலேயே பெரிய விருந்து வைத்துவிட்டால் மறுநாள் ஆலயம் காலியாகிவிடும், கடமையும் நிறைவேறாது.

யூத நாட்காட்டியில் ஆதார் மாதம் 14ஆம் நாள் பூரீம். 13 மாதங்கள் வரும் ஆண்டில் இரண்டாவது ஆதாரில் வரும். அப்படித்தான் 2027இல் மார்ச் 22 மாலை தொடங்கி 23 மாலை முடிகிறது. எருசலேமில் மட்டும் 15ஆம் நாள். வழக்கமாக முந்தைய நாள் எஸ்தர் உபவாசம் என்பதால் பலர் பசியோடு வருவார்கள். இரவு வாசிப்பு முடிந்ததும் பழச்சாறும் ரொட்டியும் கையில் கிடைத்தால் போதும்.

பணத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான சபைகளில் கபாய் (ஆலய நிர்வாகி) முன்கூட்டியே வசூலித்து வைத்து அன்று பகலில் எல்லார் சார்பிலும் பகிர்ந்தளிக்கிறார். பெறுவோர் பட்டியல் இரண்டு வாரம் முன்பே தயாராக இருக்கட்டும். அன்றைக்கே கையில் சேர வேண்டியது இது. வங்கி வழியாக அனுப்பி மறுநாள் போய்ச் சேர்ந்தால் பயனில்லை. விருந்துக்கும் பலகாரத் தட்டுக்கும் செலவழிப்பதைவிட ஏழைகளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதே மேல் என்று இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதி வைத்திருக்கிறார். வரவு செலவுத் திட்டம் போடும்போது அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அதிகம் தவறு நடப்பது வாசிப்பில்தான். தோலில் கையால் எழுதிய சுருளிலிருந்து வாசிக்க 35 முதல் 45 நிமிடம் ஆகும். ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும். ஆனால் ஆமானின் பெயர் 54 இடங்களில் வருகிறது, ஒவ்வொரு முறையும் குழந்தைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றுவார்கள். சத்தம் அடங்குமுன் வாசிப்பவர் தொடர்ந்தால் அடுத்த இரண்டு சொற்கள் காணாமல் போகும். முன்னால் ஒருவர் அட்டை பிடித்து நிற்கட்டும்: பச்சை காட்டினால் சத்தம், சிவப்பு காட்டினால் அமைதி. குழந்தைகள் இதற்கு அழகாகக் கட்டுப்படுவார்கள். சந்தேகம் வந்தால் வாசிப்பவர் கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்லட்டும். கேட்பவர்கள் கையில் அச்சுப் புத்தகம் இருந்தால், தவறிய சொல்லைத் தாங்களே மெல்ல வாசித்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கி வழியாகக் கேட்பதை மரபைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ரபிகள் (யூத மதகுருக்கள்) பலர் ஏற்பதில்லை. அதனால் பெரிய மண்டபம் தேடாதீர்கள், காது மந்தமானவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். பொட்டு வெடித் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். ஆமானின் பத்து மகன்களின் பெயரை வாசிப்பவர் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருப்பதால், அதற்கு முன் ஒரு கணம் அவர் நிறுத்தினால் அவசரப்படுத்தாதீர்கள்.

உணவுப் பொட்டலத்தில் உடனே உண்ணத்தக்க இரண்டு வகைகள் இருந்தால் கடமை தீர்ந்தது. கூடை நிறைய வைத்து அனுப்புவது வசதி குறைந்தவர்களைச் சங்கடப்படுத்தும். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, கொட்டை வகை உண்டா, பால் சேர்ந்ததா என்று எழுதி ஒட்டுங்கள்.

அதில் ஒன்று ஹமன்டாஷ், அதாவது முக்கோண பிஸ்கட். மைதா 380 கிராம், சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 120 மில்லி, முட்டை 2, ஆரஞ்சுச் சாறு 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. சுமார் 35 வரும். யூத உணவு விதிப்படி பாலையும் இறைச்சியையும் சேர்த்து உண்ணக் கூடாது. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சேர்ப்பதால் இதை இறைச்சி விருந்திலும் வைக்கலாம். முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து, இரத்தப் பொட்டு இல்லை என்று பார்த்த பின் சேர்க்கவும். மாவை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, 7 சென்டிமீட்டர் அகல வட்டங்களாக வெட்டுங்கள். நடுவில் ஒரு தேக்கரண்டி பூரணம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று பக்கமும் மடித்து முனைகளை இறுகக் கிள்ளிவிட்டு, தட்டோடு 15 நிமிடம் மறுபடி குளிரவைத்து, 175 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள்.

முக்கோணம் விரிந்து தட்டையாகிவிட்டால் காரணம் பெரும்பாலும் பூரணம் கூடியது, மாவு சூடேறியது அல்லது பேக்கிங் பவுடர் அதிகமானது. கசகசாப் பூரணத்துக்குக் கசகசாவை மிக்சியில் விட்டுவிட்டுப் பொடித்து, தேனும் சிறிது நீரும் சேர்த்து அடுப்பில் கிளறி, கரண்டியால் கோடு இழுத்தால் நிற்கும் பதத்தில் இறக்கி முற்றிலும் ஆறவிட வேண்டும்.

விருந்தைப் பிற்பகல் ஜெபம் முடிந்த கையோடு, மூன்று நான்கு மணிக்குத் தொடங்குங்கள். பூரீம் வெள்ளிக்கிழமை வந்தால், அன்று மாலையே தொடங்கும் ஓய்வுநாள் நெருங்குவதால் நண்பகலுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். திராட்சை மது வழக்கம் உண்டு. வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் குடித்துவிட்டுத் தூங்கினாலே போதும் என்று அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) மரபு சொல்கிறது. திராட்சைச் சாறும் அதே மேசையில் இருக்கட்டும், வண்டி ஓட்டுகிறவர்கள் யார் என்று முன்பே கேட்டுவையுங்கள். பகலில் தொடங்கிய விருந்து இருட்டிய பின் முடிந்தாலும், உணவுக்குப் பின் சொல்லும் நன்றி ஜெபத்தில் அன்றைய அற்புதங்களுக்கான பகுதியைச் சேர்த்தே சொல்லலாம். மாலை ஜெபத்தை மட்டும் அதற்கு முன் சொல்லிவிடாதீர்கள்.