பிக்கப் கூண்டுக்குப் புது பெயின்ட்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் பழைய பிக்கப் என்னுடையது. பின்னால் சரக்கு ஏற்றும் இடத்தை மூடியிருக்கும் அதன் ஃபைபர் கூண்டு வெயிலில் வெளுத்து, தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டியது. ஜன்னலோரம் விரிசல் வேறு. சாரல் காலத்தில் மூட்டையெல்லாம் நனைந்துவிடும்.

வேலையைப் பங்குனி வெயிலில் வைத்துக்கொண்டேன். ஈரக்காற்றில் அடிக்கும் பெயின்ட் பளபளப்பு போய் மங்கிவிடும்.

முதலில் ஜன்னல்களைக் கழற்றிப் பழைய சிலிக்கானைச் சுரண்டினேன். "தம்பி, அது ஒரு பொட்டு இருந்தாலும் உப்புத்தாள் போடாதீங்க, எல்லா இடமும் இழுவிடும்" என்றார் பெயின்டர் அண்ணாச்சி. சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

விரிசல்மேல் வெறும் பட்டி பூசுவது வீண். வண்டி குலுங்கினால் மறுபடி வெடிக்கும். விரிசலை 'வி' வடிவில் கீறி, உள்பக்கம் ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழைப் பாயை) பாலியஸ்டர் ரெசின் என்ற பிசினில் நனைத்து ஒட்டினேன். 100 கிராம் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் 2 கிராமுக்கு மேல் வேண்டாம், டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும். பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றுக்குமிழை வெளியேற்றணும். மேட்டின் வெள்ளை மறைந்து அடித்தளம் தெரிந்தால் நன்றாக ஊறிவிட்டது.

அப்புறம் பட்டி, 220 நம்பர் உப்புத்தாள், அடிப்பூச்சாக எபாக்சி பிரைமர், தண்ணீர் தொட்டுத் தேய்க்க 400 நம்பர் வாட்டர் பேப்பர். பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடிப்பதை மட்டும் பட்டறையில் கொடுத்தேன். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் காப்பாற்றாது. நிறம் வெள்ளைதான், சூடு குறைந்தால் காய் வாடாது. ஜன்னலுக்குப் புது ரப்பர் பீடிங் போட்டு, கூண்டுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்து போல்ட் முடுக்கினேன்.