ஆயுத விற்பனையை நியாயப்படுத்தும் வாதங்களைச் சோதிப்பது எப்படி?

ஆயுத ஏற்றுமதியை ஆதரிக்கும் வாதங்களைக் கேட்கும்போது, முதலில் பேச்சை ஒரு குறிப்பிட்ட விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும். எந்த ஆயுதம், எந்த அரசுக்கு, எந்த ஆண்டில் விற்கப்பட்டது, யார்மீது பயன்படுத்தப்பட்டது என்று கேளுங்கள். பொதுவாகப் பேசும்போது வலுவாகத் தோன்றும் நியாயங்கள் பலவும் இந்தக் கேள்விகளுக்கு முன் தளர்ந்துவிடுகின்றன.

"நாம் விற்காவிட்டால் வேறொருவர் விற்கத்தான் போகிறார்" என்ற வாதத்துக்கே கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் அதையே அதிகம் கேட்க நேரும். எந்தத் தீச்செயலுக்கும் இதே சமாதானத்தைச் சொல்லலாம் என்று சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திவிடாமல், அது நடைமுறையில் உண்மைதானா என்றும் பாருங்கள். கண்ணிவெடிகளின் விஷயத்தில் அது பொய்த்தது. 1992இல் அமெரிக்கா ஆட்கொல்லிக் கண்ணிவெடிகளின் ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. வேறு நாடுகளும் அவ்வாறே செய்தன. 1997இல் அவற்றைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை உருவாயிற்று. அந்தச் சந்தையைப் பிடிக்கப் பிற நாடுகள் முண்டியடிக்கவில்லை; வெளிப்படையான விற்பனை பல ஆண்டுகளுக்கு ஏறக்குறைய நின்றே போயிற்று. 2024இல் உக்ரைனுக்கு அவற்றை வழங்க அமெரிக்கா முடிவெடுத்தது அந்தக் கட்டுப்பாடு தளர்வதைக் காட்டுகிறது என்பது வருத்தத்துக்குரியது; ஆயினும் விற்பதும் நிறுத்துவதும் அரசுகள் எடுக்கும் முடிவுகளே என்பதை அதுவும் உறுதிப்படுத்துகிறது.

வேலைவாய்ப்பைக் காரணம் காட்டினால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். இராணுவத்துக்குச் செலவிடும் அதே தொகையைக் கல்வியிலோ மருத்துவத்திலோ செலவிட்டால் கூடுதல் வேலைகள் உருவாகும் என்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். ஆயினும் ஆயுத ஆலைத் தொழிலாளியின் அச்சம் உண்மையானது. அவருக்கான மாற்று வேலையைப் பற்றிப் பேசாமல் அவரோடு வாதிடுவது நேர்மையாகாது.

தற்காப்பு என்ற வாதத்தை மதிப்போடு அணுக வேண்டும். ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு அந்த உரிமையை ஏற்கிறது. படையெடுப்புக்கு ஆளான மக்களிடம் ஆயுதம் வேண்டாம் என்று சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை என்றே நான் கருதுகிறேன். குறிப்பிட்ட விற்பனை அந்த உரிமைக்குள் அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. 2015 முதல் சவூதி தலைமையிலான கூட்டணி ஏமனில் நடத்திய வான்தாக்குதல்களில் பிரிட்டன் விற்ற போர் விமானங்கள் பயன்பட்டன. முந்தைய தாக்குதல்கள் போர்ச் சட்டங்களை மீறினவா என்று மதிப்பிடாமலே ஏற்றுமதி உரிமம் வழங்கியது சட்டத்துக்குப் புறம்பானது என 2019 ஜூனில் பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அரசு உரிமம் வழங்குவதை மீண்டும் தொடங்கியது.

விற்பனையால் வாங்கும் நாட்டின்மீது செல்வாக்குக் கிடைக்கும் என்பவருக்கு ஈரானை நினைவூட்டுங்கள். மன்னர் ஷாவுக்கு 1970களில் அமெரிக்கா விற்ற எஃப்-14 போர் விமானங்கள், 1979 புரட்சிக்குப் பின் அமெரிக்காவைப் பகையாகக் கருதிய அரசின் கைக்குச் சென்றன.

எல்லாம் சட்டப்படியே நடக்கிறது என்று சொல்லப்பட்டால், 2014இல் நடைமுறைக்கு வந்த ஆயுத வணிக உடன்படிக்கையின் 7ஆம் பிரிவை எடுத்துக்காட்டுங்கள். ஏற்றுமதிக்கு முன் ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்று உறுப்பு நாடுகளை அது கட்டாயப்படுத்துகிறது. அந்த மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். இரகசியம் என்று மறுத்தால், எந்த நாடாளுமன்றக் குழு அதைப் படித்தது, எப்போது படித்தது என்று அடுத்துக் கேளுங்கள்.