சலீர், சலீரே: ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் இத்தாலியனில் சறுக்கும் இடம்

லத்தீனில் சலீரே என்றால் தாவுவது, குதிப்பது. அதே வினை ஸ்பானிஷில் 'சலீர்' ஆனபோது வெளியே போவது என்று ஆனது. இத்தாலியனில் 'சலீரே' என்றே நின்று, ஏறுவது என்று ஆனது. ஸ்பானிஷ் ஓரளவு படித்துவிட்டு இத்தாலியனுக்கு வருகிறவர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். உச்சரிப்பு, ஆண்பால் பெண்பால் எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

வேர் ஒன்றுதானே என்று நம்புவது

காசைக் கரைக்கிற தவறு இதுதான். 'நான்' என்பதோடு வரும் வினை வடிவம் சால்கோ, 'அது' என்பதோடு வருவது சாலே. இரண்டு மொழியிலும் ஓர் எழுத்துகூட மாறாது. அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

என்னிடம் படித்த ஒருவர், இத்தாலியிலிருந்து வந்த விலைக் கடிதத்தை முதலாளிக்குப் படித்துச் சொன்னார். கிலோ விலை 'சாலே ஆ' 5 யூரோ என்று இருந்தது. ஸ்பானிஷில் 'சாலே ஆ' என்றால் கணக்குப் பார்த்தால் இவ்வளவு வருகிறது என்று அர்த்தம். அவரும் "கிலோ 5 யூரோ வருது சார்" என்று சொல்லிவிட்டார். கடிதம் சொன்னதோ, விலை 5 யூரோவாக ஏறப்போகிறது என்று! பழைய விலையிலேயே வாங்கிப்போட இருந்த அவகாசம் போய்விட்டது. அகராதி பார்க்கவில்லையா என்று கேட்டேன். "தெரிஞ்ச வார்த்தைதானே" என்றார். இந்தப் பதில்தான் இன்னமும் எரிச்சலூட்டுகிறது. தெரியாத வார்த்தை என்றால் யாரும் நின்று பார்ப்பார்கள்.

பேருந்திலும் இதே கூத்துதான். இத்தாலியில் கதவின் மேல் 'சலீத்தா' என்றிருந்தால் ஏறும் வழி. ஸ்பெயினில் 'சலீதா' வெளியே போகும் வழி. குழம்பினால் ஏறுகிறவர்களோடு முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சுபீரும் சுபீரேயும்

ஸ்பானிஷில் ஏறுவதற்கு சுபீர். அப்புறம் அதையே இத்தாலியனில் 'சுபீரே' என்று நீட்டினால், ஏதோ கஷ்டத்துக்கு ஆளாகிறீர்கள் என்று ஆகிவிடும். ஜோடியாக எழுதிவையுங்கள்: ஸ்பானிஷ் சுபீருக்கு இத்தாலியனில் சலீரே, சலீருக்கு உஷீரே. ரயில் புறப்படுவதற்கு சலீரே, உஷீரே இரண்டுமே வேண்டாம், இத்தாலியனில் 'பார்த்தே'.

ஏறினேன் என்று சொல்லும்போது

இத்தாலியனில் 'சோனோ சலீத்தோ'. ஆனால் படிக்கட்டைச் செயப்படுபொருளாகச் சொன்னால் துணைவினை 'சோனோ' மாறி 'ஓ' ஆகும்: 'ஓ சலீத்தோ லே ஸ்காலே'. ஸ்பானிஷுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எதிர்காலம்

ஸ்பானிஷில் சல்த்ரே, நடுவில் ஒரு 'த்' நுழையும். இத்தாலியனில் சலிரோ, நுழையாது.

பிரெஞ்சு சலீர்

அழுக்காக்குவது. உறவே கிடையாது.