பிஎம்டிடி: டாக்டரிடம் போகும் முன் இரண்டு மாத நோட்டு

பீரியட்ஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே கடும் எரிச்சல், அழுகை, எதிலும் பிடிப்பின்மை. வந்த சில நாட்களில் எல்லாம் விலகிவிடும். மாதாமாதம் இப்படி வந்து வேலையும் வீடும் குலைகிறதென்றால் பிஎம்டிடி (PMDD, பீரியட்ஸுக்கு முன் வரும் கடுமையான மனநிலைக் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. ஹார்மோன் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதன் ஏற்ற இறக்கம் மூளைக்கு ஒத்துக்கொள்வதில்லை. தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வது வேறு காரணம் உண்டா என்று அறியத்தான்.

எனவே நோட்டு போடுங்கள். பக்கவாட்டில் தேதி, மேலே எரிச்சல், சோகம், பதற்றம், சட்டென மாறும் மனநிலை, தூக்கம், பசி, கவனம், சோர்வு, உடல்வலி. தினமும் படுக்குமுன் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண்: 1 என்றால் இல்லவே இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. உதிரப்போக்கு நாட்களை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்தில் அன்று என்ன கெட்டது என்று நாலு வார்த்தை: ‘ஆபீஸ் லீவு’, ‘அம்மாவோடு சண்டை’. குறைந்தது இரண்டு சுழற்சிக்கு எழுத வேண்டும்.

பலரும் சறுக்குவது, மோசமான நாட்களை மட்டும் எழுதுவதில். பீரியட்ஸ் முடிந்த வாரம் 1, 2 என்று இறங்குவதுதான் முக்கியமான சான்று. அந்த வாரமும் 4, 5 என்றே நின்றால், ஏற்கெனவே உள்ள மனச்சோர்வு பீரியட்ஸுக்கு முன் கூடுகிறது என்று பொருளாக இருக்கலாம், சிகிச்சை மாறும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து நிரப்பினால் பயனில்லை.

தற்கொலை எண்ணம் வந்தால் நோட்டு முடியும்வரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம். மகப்பேறு மருத்துவரிடமும் தொடங்கலாம். “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். நோட்டை நீட்டி, “ரெண்டு மாசம் எழுதியிருக்கேன் டாக்டர், பீரியட்ஸுக்கு முன்னாடி மட்டும்தான் இப்படி ஆகுது. பிஎம்டிடியான்னு பாருங்க” என்று நேராகக் கேளுங்கள்.

ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ரலைன் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தினமுமோ, பீரியட்ஸுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டுமோ தரப்படும். பலருக்குச் சில நாட்களிலேயே தெளிவு தெரியும். தூக்கமே இல்லாமல் பல நாள் அதீத உற்சாகமாக இருந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்) உண்டா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படியிருந்தால் இந்த மாத்திரைகள் நிலைமையை மோசமாக்கலாம். டிராஸ்பிரினோன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையும் உதவும். ஆனால் ஒற்றைத் தலைவலி, ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல், உயர் ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்கக் கூடாது.

அந்த வாரத்தைக் காலண்டரில் முன்பே குறித்து, ராஜினாமாக் கடிதம், பெரிய பேச்சு எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது தேதியைச் சொல்லி வையுங்கள். மருந்து தொடங்கிய பிறகும் நோட்டு தொடரட்டும். டோஸைக் கூட்டுவதா, குறைப்பதா என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.