சரக்கு வேலையிலிருந்து மென்பொருள் வேலைக்கு: பூட்கேம்ப்பில் சேருவோருக்கான படிப்படியான வழி

சென்னைப் பாரிமுனையின் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களிலும், மணலி, மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் கிடங்குகளிலும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் ஜவுளிக் கடைகளிலும் பில் போட்டுக்கொண்டும் கணக்கு எழுதிக்கொண்டும் இருக்கும் பலர், மென்பொருள் வேலைக்கு மாற வேண்டும் என்று என்னிடம் வழி கேட்கிறார்கள். நானும் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் வேலையிலிருந்து பூட்கேம்ப் (நிரல் எழுதக் கற்றுத்தரும் குறுகிய காலத் தீவிரப் பயிற்சி) வழியாக இந்தத் துறைக்கு வந்தவன் என்பதால், செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன். கணினியைக் கையாளவும் எக்செல்லில் ஃபார்முலா போடவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பணம் கட்டுவதற்கு முன் கற்றுப் பாருங்கள்

ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட், ஹார்வர்டின் சிஎஸ்50 ஆகிய மூன்றையும் கட்டணமின்றிப் படிக்கலாம். தமிழில் கேட்டால்தான் மனத்தில் பதியும் என்பவர்களுக்கு குவியின் தமிழ்க் காணொளிகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்த பிறகு நாள்தோறும் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். காணொளியைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வது கற்றதற்கு அடையாளம் ஆகாது. வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்து, இலவச யூனிட்டுகள் போக மீதிக்கு எந்தெந்தப் படிநிலையில் எவ்வளவு விலை என்று பார்த்து, யூனிட்டைக் கொடுத்தால் தொகையைச் சொல்லும் ஒரு சிறிய நிரலை எதையும் பார்க்காமல் எழுத முடிகிறதா என்று சோதியுங்கள். அது வந்துவிட்டால் பூட்கேம்ப்புக்கு நீங்கள் தயார். வராவிட்டால் இன்னும் சில வாரங்கள் இலவசப் பாடத்திலேயே இருங்கள்.

படி 2: கருவிகள்

8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய மடிக்கணினியே போதும். ரிச்சி தெருவில் வாங்கினால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். நிரல் எழுதுவதற்கு விஎஸ் கோடு (VS Code) என்ற மென்பொருள் ஒன்றே போதுமானது. தொடக்கத்திலேயே பத்து நீட்சிகளை (அதனுடன் சேர்க்கும் துணை வசதிகளை) நிறுவிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. நிரலைத் தானாக எழுதித் தரும் ஏஐ உதவியைக் கற்கும் காலம் முழுவதும் அணைத்தே வையுங்கள். பிழைச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அப்போதுதான் கைக்கு வரும்.

படி 3: வகுப்பு எங்கே

நேரடி வகுப்புகள் பலவும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் நடக்கின்றன. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்குக் கிண்டி வரை போவது எளிதாகிவிட்டது என்றாலும், அங்கிருந்து பேருந்து பிடித்துப் போய்த் திரும்பும் நேரத்தில் ஒரு பாடத்தையே முடித்துவிடலாம். எனவே வேலையில் இருப்பவர்களுக்கு இணையவழி மாலை வகுப்பே ஏற்றது. ஒற்றை அறை வீட்டில் உட்கார இடமில்லை என்பது நம் பகுதியில் உண்மையான தடை. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் குறைந்த கட்டணத்தில் இருக்கையும் இணையமும் கிடைக்கின்றன; அருகில் இருப்பவர்கள் அவசியம் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: கட்டணத் தாளைப் படியுங்கள்

எந்தப் பாடத்தையும்விட எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். நான் விசாரித்த ஒரு நிறுவனத்தில், மாதத் தவணையில் கட்டலாம் என்று தொலைபேசியில் இனிமையாகச் சொன்னார்கள். அனுப்பிய தாளைப் பிரித்துப் பார்த்தால், அது ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் தரும் கடனுக்கான ஒப்பந்தமாக இருந்தது. இந்த வேறுபாடு மிகப் பெரியது. தவணை கடனாக இருந்தால், கட்டணம் முழுவதும் முதலிலேயே பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். பாடம் பிடிக்காமல் நீங்கள் பாதியில் நின்றாலும், நிறுவனமே வகுப்பை நிறுத்தினாலும், கடன் உங்கள் தலையில்தான் இருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். ஒரு தவணை தவறினால் அபராதமும் விழும், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் குறையும்.

வட்டியையும் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 60,000 ரூபாய்க்கு ‘ஃப்ளாட்’ 12 விழுக்காடு, 12 மாதம் என்று சொல்வார்கள். வட்டி 7,200 ரூபாய், மொத்தம் 67,200, மாதம் 5,600. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் மாதந்தோறும் நீங்கள் 5,000 ரூபாய் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். வட்டியோ கடைசி மாதம் வரை 60,000 ரூபாய் முழுவதற்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்கு வட்டி என்ற முறையில் பார்த்தால் இது ஆண்டுக்கு 21 விழுக்காட்டுக்கும் மேல். இந்த உண்மையான விகிதத்தைக் கடன் தருபவர் மறைக்க முடியாது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும், கட்டணங்களையும் ஆண்டு விகிதத்தையும் காட்டும் முக்கிய விவரத் தாளை (கேஎஃப்எஸ்) தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ‘கேஎஃப்எஸ் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். செயலி வழியாக வாங்கும் கடனாக இருந்தால், அபராதமின்றித் திருப்பிக் கொடுத்து விலகுவதற்கான கால அவகாசமும் அந்தத் தாளில் இருக்கும். அது எத்தனை நாள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘வேலை கிடைத்த பின் கட்டினால் போதும்’ என்ற திட்டத்திலும் வரிக்கு வரி படிக்க வேண்டும். எவ்வளவு சம்பளத்துக்கு மேல் வந்தால் கட்ட வேண்டும், அழைப்பு மையத்தில் கிடைத்த வேலையும் கணக்கில் வருமா, வெளியூரில் வந்த வேலையை மறுத்தால் என்ன ஆகும், நடுவில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்ற நான்கு கேள்விகளுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது. ‘வேலைக்கு உதவி’ என்று எழுதியிருந்தால் அது ‘வேலை உறுதி’ ஆகாது. பட்டச் சான்றிதழின் அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டுமானால் உங்கள் முன்னாலேயே பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.

படி 5: பழைய வேலையிலிருந்தே புராஜெக்ட் செய்யுங்கள்

வகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரியான ‘செய்ய வேண்டியவை’ பட்டியலையும் வானிலைச் செயலியையும் செய்வார்கள். நேர்முகத் தேர்வு நடத்துபவர் அவற்றை நாள் முழுவதும் பார்த்துச் சலித்தவர். நம்மிடம் அவருக்குத் தெரியாத தொழிலறிவு இருக்கிறது. அதைக் கொண்டு போக வேண்டும்.

கன்டெய்னர் எண்ணை எடுத்துக்கொள்வோம். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், சிறு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம் என்று கதவில் எழுதியிருப்பதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஐஎஸ்ஓ 6346 என்ற தரத்தின்படி முன்னுள்ள பத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது. ஏ என்ற எழுத்துக்கு 10 என்று தொடங்கி, 11, 22, 33 ஆகியவற்றை மட்டும் விட்டுவிட்டு, இசட்டுக்கு 38 வரை மதிப்பு தர வேண்டும். முதல் இடத்தில் உள்ளதை 1 ஆல், அடுத்ததை 2 ஆல், அதற்கடுத்ததை 4 ஆல் என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11 ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும். மீதி 10 என்று வந்தால் 0 என்று கொள்ள வேண்டும்.

சிஎஸ்கியூயு (CSQU) 305438 என்ற எண்ணைப் பாருங்கள். எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. பெருக்கிக் கூட்டினால் 6185. 11 ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே முழு எண் சிஎஸ்கியூயு 3054383. இதை முதலில் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு நிரலாக எழுதுங்கள். இடைவெளியை நீக்குவது, சிறிய எழுத்தைப் பெரியதாக்குவது, மொத்தம் பதினொன்று இருக்கிறதா என்று பார்ப்பது, சுழற்சி, மீதி என்று தொடக்கநிலையில் கற்ற அனைத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. அடுத்த கட்டமாக, எக்செல் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் தவறான எண்களை மட்டும் பிரித்துக் காட்டும்படி செய்யுங்கள். பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணத்தில்) ஓர் எழுத்து பிசகினால் திருத்தம் போட்டு அலைய வேண்டியிருப்பதையும், அதற்குள் ஃப்ரீ டேஸ் (கன்டெய்னருக்கு வாடகை இல்லாத நாட்கள்) கடந்து வாடகை ஏறுவதையும் நீங்கள் எடுத்துச் சொன்னால், அந்த நிரல் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஜவுளிக் கடையில் இருப்பவர் இருப்புக் கணக்கையும், மருந்துக் கடையில் இருப்பவர் காலாவதித் தேதியையும் இதே முறையில் எடுத்துக்கொள்ளலாம்.

படி 6: வேலை தேடுதல்

கையிலுள்ள வேலையை, புதிய வேலைக்கான நியமனக் கடிதம் வரும் வரை விடாதீர்கள். பழைய அனுபவத்தைப் பழைய அனுபவமாகவே எழுதுங்கள். மென்பொருளில் இரண்டாண்டு இருந்ததாகப் பொய்ச் சான்று தயாரித்துத் தருகிறோம் என்று அணுகுபவர்களை அருகில் சேர்க்காதீர்கள். வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன் எண்ணில் எங்கெங்கே வேலை செய்தீர்கள் என்பது பதிவாகியிருப்பதால், சரிபார்ப்பில் அது வெளியே வந்துவிடும், கிடைத்த வேலையும் போய்விடும். சரக்குப் போக்குவரத்துக்கு மென்பொருள் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) என்றால் என்னவென்று தெரிந்த புதியவரின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்த சிலர், நிரல்களை இணையத்தில் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு நிரலை ஏற்றும்போது கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்க மறுக்கிறது என்று எழுதியிருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 13 முதல் கட்டளை வரியில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) கணக்கின் கடவுச்சொல்லைக் கிட்ஹப் ஏற்பதில்லை. பழைய காணொளிகளில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. கிட்ஹப்பின் அமைப்புகளுக்குள் டெவலப்பர் பகுதியில் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான குறியீடு) ஒன்றைத் தனியாக உருவாக்கி, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அதைக் கொடுங்கள். அண்ணன், அக்காவின் கணினியைப் பயன்படுத்துபவர்களுக்கு 403 என்ற பிழை வரலாம். அவர்களுடைய கணக்கு விண்டோஸில் சேமிக்கப்பட்டிருப்பதே காரணம். கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பட்டியலில் கிட்ஹப் என்றிருப்பதை அவர்களிடம் சொல்லிவிட்டு நீக்கிய பின் மீண்டும் ஏற்றுங்கள். இம்முறை உங்கள் கணக்கைக் கேட்கும்.