மா கணக்கு பிழைத்தபோது

மன்னார்குடிப் பக்கம் ட்ரோனில் மருந்து தெளிக்கிறேன். விவசாயிகள் அனுப்பும் குரல் பதிவுகளை ஏஐ செயலியிடம் கொடுத்து வேலைப் பட்டியல் எடுப்பது வழக்கம். குருத்துப்பூச்சிக்காக ஒரு பெரியவர் "ஆறு மா" (மா எங்கள் பக்கத்து நில அளவு) என்றதை அது ஆறு ஏக்கர் என்று எழுதிவிட்டது. அதை நம்பி வாங்க வேண்டிய மருந்தின் அளவை அவருக்குச் சொன்னேன். ஆறு ஏக்கருக்கான மருந்தை வாங்கி வரப்பில் வைத்திருந்தார். வயலோ இரண்டே ஏக்கர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மீதி மருந்தின் விலையை நானே கொடுத்தேன்.

அன்றிரவே செயலிக்கு நிரந்தரக் குறிப்பு எழுதினேன்: ஒரு மா சுமார் 33 சென்ட், 20 மா ஒரு வேலி, அளவு புரியாவிட்டால் ஊகிக்காமல் என்னைக் கேள். இப்போது விவசாயி சொன்ன சொல்லும் ஏக்கர் கணக்கும் பட்டியலில் சேர்ந்தே வருகின்றன. மருந்தின் அளவை மட்டும் அதனிடம் கேட்பதே இல்லை; அதற்கு டப்பாவின் லேபிளும் வேளாண் அலுவலரும்தான்.