பார்பெக்யூ சாஸ் கெடாமல் இருக்க, கெட்டதைக் கண்டுபிடிக்க

சுடும் இறைச்சியின் மேல் தடவும் பார்பெக்யூ சாஸ் எத்தனை நாள் தாங்கும் என்பதை அதிலுள்ள புளிப்புதான் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் இது ஊருக்கு ஊர் மாறும். வட கரோலினாவின் கிழக்குப் பக்கம் வினிகரும் மிளகாயும் மட்டுமே சேர்ந்த தண்ணீர்ப் பதமான சாஸ்; அது கெடுவது அபூர்வம். கான்சஸ் சிட்டி வகையில் தக்காளி, மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகு), பழுப்புச் சர்க்கரை, வினிகர் எல்லாம் சேரும். நம் கடைகளில் கிடைக்கும் கெட்டியான, இனிப்பான பாட்டில் பெரும்பாலும் இந்த வகைதான். தென் கரோலினாவில் கடுகுச் சாஸ். அலபாமாவின் வெள்ளைச் சாஸ் மட்டும் முட்டையும் எண்ணெயும் சேர்ந்த மயோனைஸில் செய்வது. அதைத் திறந்த பிறகு வெளியே வைக்கவே கூடாது.

புளிப்பை அளக்கும் எண் பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அது 4.6-க்குக் கீழே இருந்தால், உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமி வளராது. கடைச் சாஸ்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குக் கீழேதான் தயாராகின்றன. ஆனால் பூஞ்சணத்துக்கும் ஈஸ்ட்டுக்கும் புளிப்பு பெரிய தடை அல்ல. சாஸ் பாட்டிலில் நாம் காணும் கேடு அநேகமாக இவை இரண்டின் வேலைதான்.

திறக்காத பாட்டில் வெயில் படாத அலமாரியில் சுமார் ஒரு வருடம் இருக்கும். அடுப்புக்கு மேலுள்ள அலமாரி மட்டும் வேண்டாம். திறந்த பிறகு ஃபிரிட்ஜில் 4 மாதம், வெளியே ஒரு மாதம் என்பது அமெரிக்கக் கணக்கு. அங்கே சமையலறை அலமாரி குளிர்ச்சியாக இருக்கும். கோடையில் 35 டிகிரியைத் தாண்டும் சென்னைச் சமையலறைக்கு அந்த ஒரு மாதக் கணக்கை நம்ப வேண்டாம். திறந்த அன்றே ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். கதவிலுள்ள தட்டு அடிக்கடி சூடேறும் இடம். வினிகர்ச் சாஸுக்கு அது போதும். வெள்ளைச் சாஸையும் வீட்டில் செய்ததையும் உள்தட்டில் வையுங்கள். திறந்த தேதியை மூடியில் எழுதிவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியிருக்காது.

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வது இதற்கும் பொருந்தும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், விழுந்த இடத்தில் சர்க்கரையும் புளிப்பும் நீர்த்துப்போகும். பூஞ்சணம் அங்கேதான் முதலில் பிடிக்கும். மூடியின் திருகுமரையில் காய்ந்து ஒட்டும் சாஸும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் சுத்தமான துணியால் வாயைத் துடைத்துவிட்டு மூடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கிரில் பக்கத்தில் நடக்கிறது. பச்சைக் கோழி மேல் தடவிய பிரஷை அப்படியே பாட்டிலுக்குள் விடுகிறார்கள். வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி சாஸுக்குள் போக அந்த ஒரு முறை போதும். தேவையான சாஸை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள், கொட்டிவிடுங்கள். இறைச்சி ஊறிய சாஸைத் தொட்டுக்கொள்ள வைக்க வேண்டுமானால் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகுதான். வெள்ளைச் சாஸும் வீட்டுச் சாஸும் மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான்.

வீட்டில் செய்யும் சாஸில் பச்சைப் பூண்டு, வெங்காயம், வெண்ணெய் எல்லாம் சேரும், புளிப்பு குறையும். புளிப்பு தூக்கலாக இருக்கிறதே என்று வினிகரைக் குறைக்காதீர்கள், சர்க்கரையைக் கூட்டிச் சரிசெய்யுங்கள். 5 சதவீத அமிலத்தன்மை என்று லேபிளில் போட்ட வினிகரையே வாங்குங்கள். கண்ணாடிப் பாட்டிலைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு எடுத்து, ஈரமே இல்லாமல் உலர்த்துங்கள். அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களை அமிலம் அரிக்கும், அவை வேண்டாம்.

ஆறவைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பெரிய பாத்திரத்தில் அப்படியே விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும். கிருமிகளுக்குப் பிடித்த சூடு அது. 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறுங்கள். 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்கியிருக்க வேண்டும். பிறகு பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். சுடச்சுட ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூடியில் ஆவி கோத்துச் சொட்டும், மேல்பரப்பு நீர்த்துவிடும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம், வினிகர் தாராளமாக இருந்தால் இரண்டு வாரம். அதற்கு மேல் வேண்டுமானால் ஃப்ரீசர்தான். உறையும்போது சாஸ் விரியும் என்பதால் மேலே 2 சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

நிறம் கருத்திருந்தால் பயப்பட வேண்டாம். காற்றும் சர்க்கரையும் செய்யும் மாற்றம் அது. தண்ணீர் பிரிந்து நின்றாலும் குலுக்கினால் சேர்ந்துவிடும். சுவை மங்கியிருக்கலாம், நஞ்சாகியிருக்காது. வெள்ளைச் சாஸில் மட்டும் திரிந்ததுபோல் கட்டிகள் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று வெளியேறுவது, நுரை கட்டுவது, கள் போல வாடை அடிப்பது மூன்றும் ஈஸ்ட் புகுந்ததற்கான அடையாளம். பதனப்பொருள் சேர்த்த சாஸிலும் வளரும் ஈஸ்ட் உண்டு. வெள்ளை, பச்சை, கருப்பு என எந்த நிறத்தில் பூஞ்சணம் தெரிந்தாலும் முழுப் பாட்டிலும் போக வேண்டும். நீர்ப்பதமான பண்டத்தில் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். மேலாக வழித்தெடுப்பதில் பயனில்லை. கொதிக்கவைத்தும் காப்பாற்ற முடியாது. பூஞ்சணம் விடும் நச்சுகள் கொதியைத் தாங்கும்.

சந்தேகப்பட்டதை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். பாட்டுலிச நஞ்சுக்கு வாடையும் கிடையாது, சுவையும் கிடையாது. உப்பிய டப்பாவையோ பாட்டிலையோ திறக்காமலே இரண்டு பைக்குள் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கையையும் அது இருந்த தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.